தூங்க வந்த நர்சம்மா

அவர் பெயர் அசனுமா தொமொயே. எங்கள் மலையூர் ஓகுமோரியில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நர்சம்மா என்றால் அவர்தான். பிள்ளை பெற்ற வீடுகள், பள்ளிக்கூடங்கள், தனியாகக் கிடக்கும் வயசாளிகள் என்று எல்லா இடத்துக்கும் நகராட்சி அனுப்பிவைக்கும் சுகாதார நர்ஸ். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் முகம் சிவந்துவிடும். தெரியும்தான். ஆனால் ஓட்டும்போது சாலையைப் பார்க்க மாட்டார். வீட்டு வாசல்களில் காயும் துணியைப் பார்ப்பார். குழந்தைத் துணி மட்டும் காய்ந்து, தாயின் துணி ஒன்றுகூட இல்லையென்றால் அவருக்கு மனசு அடித்துக்கொள்ளும். அப்படிப் பார்த்துக்கொண்டே ஒரு வசந்தத்தில் நாற்று நட்ட வயலுக்குள் நகராட்சி வண்டியை இறக்கிவிட்டார். அடுத்த வருஷமும் அதே வயல். வயல்காரர் இரண்டாம் தடவை கோபப்படக்கூட இல்லை. "வாங்க வாங்க" என்றாராம்.

அதற்கப்புறம்தான் என்னை அவருக்கு டிரைவராகப் போட்டார்கள். நான் இவாபுச்சி, ஊர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். நேரம் தப்பினால் எனக்குப் பிடிக்காது. காத்திருப்பது அதைவிடப் பிடிக்காது. அப்படிப்பட்டவனுக்கு, ஒரு பெண்மணி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய் வரும்வரை வாசலில் காத்துக்கிடப்பதே உத்தியோகம் என்று ஆனது. தலையெழுத்து, வேறென்ன.

போதாததற்கு நர்சம்மா ஒரு ஆராய்ச்சி வேறு செய்துகொண்டிருந்தார். ஐம்பது வயதில், மலைக்கு அந்தப் பக்கமுள்ள நர்சிங் கல்லூரியில் சேர்ந்து, பிள்ளை பெற்ற பெண்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்று ஆராய்ச்சி.

"தூங்கறதுல என்னங்க ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கு? கண்ணை மூடினா தூக்கம்" என்றேன்.

"உங்களுக்கு அப்படி. உங்க வீட்டம்மாவைக் கேட்டுப் பாருங்க."

கேட்டேன். அவள் சோற்றுக் கிண்ணத்தைக் கொஞ்சம் சத்தமாக என் முன்னால் வைத்தாள். அதோடு விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் ஆராய்ச்சிக்காரர் என் வண்டியில் ஏறியதும் தூங்கிவிடுவார். பனி பெய்யும் நாட்களில் இரண்டாவது வளைவு தாண்டாது, தலை சாய்ந்துவிடும். "பஸ்ஸுலயும் இப்படித்தான். என் வண்டியில ஏறினா தூங்காதவங்க யாரு" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கண்ணைத் திறக்காமலே, "கேக்குது, கேக்குது" என்பார்.

எங்கள் பக்கத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டுக்குப் போவது மரியாதை இல்லை. நர்சம்மா முந்தின நாளே ஃபோன் செய்வார். ஃபோனை வைத்ததும் அந்தப் பெண் துடைப்பத்தை எடுப்பாள். பிள்ளை பெற்ற உடம்போடு பாய்த்தரையைத் துடைத்து, கழிப்பறையைக் கழுவி, வாசலில் செருப்புகளை வரிசைப்படுத்தி, விருந்தாளிக்கென்று கேக் வாங்கிவைத்து, டீக்குக் கொதித்த தண்ணீரோடு மண்டியிட்டு உட்கார்ந்திருப்பாள். "எப்படிம்மா இருக்கீங்க?" என்றால், "பரவாயில்லைங்க, எல்லாரும் நல்லா பாத்துக்கறாங்க" என்பாள். அவள் களைத்திருக்கிறாளா என்று பார்க்க வருபவருக்காகவே களைத்துப்போய் உட்கார்ந்திருப்பாள். கேட்டால் சிரிப்பாள்.

நான் வருவதற்கு முன்னால் அப்படி ஒரு வீடு பளபளவென்று இருந்ததாம். எலுமிச்சை கேக்கும் டீயும் சாப்பிட்டுவிட்டு நர்சம்மா நிம்மதியாகத் திரும்பியிருக்கிறார். அந்த வாரமே அந்தப் பெண்ணை, கையில் குழந்தையோடு, ஆற்றங்கரைப் பனியில் வெறுங்காலோடு கண்டுபிடித்தார்கள். இரண்டு உயிரும் பிழைத்தன. ஆனால் அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. நர்சம்மா அதற்குப் பிறகு எலுமிச்சை கேக்கைத் தொட்டதில்லை.

ஆராய்ச்சிக்கு வழி கிடைத்தது ஒரு அசட்டுத்தனத்தால். ஒரு வீட்டில் அடியில் சூடு வைத்துப் போர்வை மூடிய கணப்பு மேசைக்குள் காலை நீட்டி உட்கார்ந்தவர், இதமான சூட்டில் அப்படியே தூங்கிப்போனார். பதறி விழித்துப் பார்த்தால், மேசைக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரப் பெண்ணும் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். அன்றிலிருந்து அதையே வழியாக்கிக்கொண்டார். போகிற வீட்டில் எல்லாம், "அம்மா, கொஞ்சம் படுத்துக்கட்டுமா? முடியலை" என்பார். சில பெண்களுக்கு அது பலித்தது. விருந்தாளியே படுத்துவிட்டால் அப்புறம் யாருக்கு டீ போடுவது? ஊரில் கேலி கிளம்பியது. சம்பளம் வாங்கிக்கொண்டு ஊரான் வீட்டில் தூங்குகிறவர் என்று. எங்கள் பிரிவுத் தலைவர் கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் நூலகத்துக்கு மாற்றிவிடுவேன் என்றார். நர்சம்மா குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்து, "நூலகத்துலயும் நல்லா தூக்கம் வரும்" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை.

இகுமியின் வீட்டுக்குப் போனது அந்தக் குளிர்காலத்தில்தான். கோமுகாய் இகுமி, இரண்டு மாதக் கைக்குழந்தைக்காரி. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போவது எங்கள் பக்க வழக்கம்; அவளுக்குப் போகத் தாய் இல்லை, முந்தின வருஷம்தான் போய்ச்சேர்ந்தார். கணவன் ஹிசாதோ பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். பனி விழுந்துகொண்டே இருந்தால் அவன் வீடு திரும்புவதே அபூர்வம். அந்த வாரம் வானம் ஓயவே இல்லை.

பேப்பர் போடுகிற அம்மா காலையில் எங்கள் அலுவலகத்துக்கே வந்து சொன்னார். விடியும்போது இகுமி வாசலுக்கு வெளியே வெறுங்காலோடு நின்றாளாம். கூப்பிட்டதும் சிரித்துவிட்டு உள்ளே போனாளாம். நர்சம்மா உடனே ஃபோன் செய்தார்.

"நல்லாத்தான் இருக்கேன் நர்சம்மா" என்றது அந்தக் குரல். "பாப்பா அழறது மட்டும் எங்கயோ பக்கத்து வீட்ல அழற மாதிரி கேக்குது. தூங்கிக் கொஞ்ச நாள் ஆச்சு, அதான்."

நர்சம்மா அந்த ஃபோனை வைத்த கையோடு டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம்; கணவாய் பனியில் மூடிக்கிடந்தது, மறுநாள் காலைதான் திறப்பார்களாம். ஃபோனில் டாக்டர் சொன்னது இதுதான்: அதுவரை அவளைத் தனியாக விடாதீர்கள், எப்படியாவது கொஞ்சம் தூங்கவையுங்கள். வண்டியில் போகும்போது நர்சம்மா அன்றைக்கு ஒரு கண்ணும் மூடவில்லை.

அவர் உள்ளே போனார். நான் வாசலில் வண்டியிலேயே காத்திருந்தேன். பனி விழும்போது ஊரில் சத்தம் என்பதே இருக்காது. கூரைகள், வேலிகள், பக்கத்து வீட்டு சைக்கிள் எல்லாம் வெள்ளைக்குள் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருந்தன. எனக்கே நான் எங்கே இருக்கிறேன் என்று மறந்துபோனது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு நேரமா என்று எரிச்சல் வந்தது, பிறகு பயம் வந்தது. இறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன்.

நர்சம்மா கணப்பு மேசையடியில் படுத்துக் கண்ணை மூடியிருந்தார். மேலே ஒரு நல்ல கம்பளி. பக்கத்தில் இகுமி மண்டியிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்காலால் தொட்டிலை இடித்து ஆட்டிக்கொண்டு, ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துண்டிலும் தோலைச் சீவி, முயல் காது மாதிரி விட்டு, தட்டில் அழகாக அடுக்கியிருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

"நர்சம்மா தூங்கறாங்க. பாவம், ரொம்பக் களைச்சுப்போயிட்டாங்க" என்று கிசுகிசுத்தாள். பிறகு எழுந்து எனக்கு வீட்டுக்குள் போடும் செருப்பு எடுத்துவைக்க வந்தாள். எழுந்தவள் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் நர்சம்மாவின் ஒரு கண் திறந்தது. அது ஈரமாக இருந்தது. மற்ற வீடுகளில் பலித்த வித்தை இங்கே பலிக்கவில்லை. விருந்தாளி தூங்கினால், அந்தத் தூக்கத்துக்கும் காவல் இருக்கிற ரகம் இந்தப் பெண்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள். "ஆப்பிளும் வேணாம், செருப்பும் வேணாம். நான் வண்டியிலயே இருக்கேன்" என்றேன்.

நர்சம்மா எழுந்து உட்கார்ந்தார். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இவாபுச்சி சார், உங்க வண்டியில ஏறினா தூங்காதவங்க யாருன்னு சொல்வீங்களே."

"அது பஸ். இது நகராட்சி வண்டி. ஊர்க்காரங்களை ஏத்தக்கூடாது."

"ஏத்தக்கூடாதுதான்" என்றார். அவ்வளவுதான். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், பனிக்குள் புதைந்துகிடந்த ஹிசாதோவின் காரை வெறுங்கையால் தோண்ட ஆரம்பித்தார். பாப்பாவை எங்கள் வண்டியில் ஏற்றக் குழந்தை இருக்கை வேண்டும்; அது அதில்தான் இருந்தது. பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? மண்வெட்டியை எடுத்தேன், திட்டிக்கொண்டேதான்.

நாளைக்கு டாக்டரிடம் போக வேண்டும், பாப்பாவுக்கு வண்டி பழக வேண்டாமா என்று சொல்லி இகுமியைக் கிளப்பினார். அவள் வெறுங்கையோடு வருவாளா? முயல் ஆப்பிள்களை ஒரு டப்பாவில் போட்டு என்னிடம் நீட்டிவிட்டுத்தான் ஏறினாள்.

வண்டியை பஸ் மாதிரியே ஓட்டினேன். அதிராமல், திடுக்கென்று நிறுத்தாமல். பின்னால் இகுமி நிமிர்ந்து உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். உங்களுக்குச் சிரமம், வேலையைக் கெடுத்துவிட்டேன், வீட்டைக்கூடச் சரியாகத் துடைக்கவில்லை என்று. ஹீட்டர் முணுமுணுத்தது. கண்ணாடியில் பனி வந்து விழுந்து நீராகி வழிந்தது. கோயில் வளைவில், "டிரைவர் சார், நான் வேணும்னா அப்புறமா வந்து வண்டியைத் துடைச்சு..." என்றவளின் பேச்சு பாதியில் நின்றது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பாப்பாவும் தூங்கியிருந்தது. நர்சம்மாவும்தான், இந்தத் தடவை நடிப்பில்லை, குறட்டை.

வண்டியை நிறுத்தினால் குழந்தை எழுந்துவிடும், குழந்தை எழுந்தால் தாய் எழுந்துவிடுவாள். அதனால் போய்க்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடம், ஆலை, பாலம், மறுபடி பள்ளிக்கூடம். வெளிச்சம் நீலமாகி, பிறகு மங்கியது. பிள்ளைகள் வீடு திரும்புவதற்காக ஒலிபெருக்கியில் போடும் மாலைப் பாட்டு, பனிக்குள் நனைந்து, தண்ணீருக்கடியில் பாடுகிற மாதிரி கேட்டது. நான் விழித்திருக்கிறேனா, இவர்கள் காணும் கனவுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறேனா என்றே தெரியவில்லை. மூன்று பேர் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பஸ் ஓட்டிய காலமெல்லாம் அதைக் கேட்டிருக்கிறேன். காது கொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

பாலம் தாண்டியதும் முன்னால் மஞ்சள் விளக்கு சுழன்றது. பனி தள்ளும் வண்டி. முந்த வழியில்லாமல் பின்னாலேயே ஊர்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அது நின்றது. வழிவிட வேண்டுமா என்று கேட்க ஒரு ஆள் இறங்கி வந்தான். கிட்ட வந்ததும் தெரிந்தது, ஹிசாதோ. நான் பிரேக்கை விட்டும் பிடித்தும் வண்டியை மெல்ல ஆட்டிக்கொண்டே உதட்டில் விரல் வைத்தேன்.

அவன் பின்சீட்டுக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தான். தன் பெண்டாட்டி ஏன் நகராட்சி வண்டியில் இருக்கிறாள் என்று கேட்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, அவள் முகத்துக்கு நேராகக் கண்ணாடியில் கையை வைத்தான். தலையில் பனி படியப் படிய நின்றான். பிறகு என்னைப் பார்த்து, தூக்கமா என்று சைகையில் கேட்டான். தலையாட்டினேன். அவன் வாய் கோணியது. முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டு தன் வண்டிக்குப் போனான்.

வேறு தெருவுக்குப் போக வேண்டியவன், வண்டியைத் திருப்பி, தள்ளி முடித்த அதே சாலையையே மறுபடி தள்ள ஆரம்பித்தான். அவன் முன்னால், நான் பின்னால். கோடி வரை போய்த் திரும்பினான், நானும் திரும்பினேன். எங்கள் முன்னால் அந்தச் சாலையில் பனி தங்கவே இல்லை.

நன்றாக இருட்டிய பிறகு பின்னால் அசைவு தெரிந்தது.

"ஐயோ, ஆப்பிள்" என்றாள் இகுமி. "உங்களுக்கு எடுத்துக் குடுக்கவே இல்லையே. டீ கூடத் தரலை."

"ஆப்பிள் எல்லாத்தையும் நான் தின்னுட்டேன். இது என் வண்டிம்மா. இங்க நீதான் விருந்தாளி, டீ குடுக்கறது நான்." என் வீட்டம்மா கொடுத்தனுப்பிய ப்ளாஸ்க்கை எடுத்துப் பின்னால் நீட்டினேன்.

அவள் மூடியில் ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"நர்சம்மா, காலையில ஆத்துக்குப் போகப் பாத்தேன். பாப்பாவையும் தூக்கிக்கிட்டுத்தான். பேப்பரம்மா கூப்பிட்டாங்க."

"தெரியும் கண்ணு" என்றார் நர்சம்மா. "நீயே சொல்லட்டும்னு இருந்தேன்." இகுமி குலுங்கிக் குலுங்கி அழுதாள். அந்த வீட்டில் யாரும் பார்த்திராத அழுகை. நர்சம்மா அவளை மடியில் சாய்த்துக்கொண்டார். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

அன்றைக்கு ஹிசாதோ வேறொருவனிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். நர்சம்மாவும் அங்கேயே தங்கினார். மறுநாள் கணவாய் திறந்ததும் எல்லோரையும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். பனி உருகி முடியும்வரை மருந்தும் டாக்டரிடம் நடையுமாக இருந்து இகுமி தேறினாள். நர்சம்மா நூலகத்துக்கு மாறவில்லை. தலைவர் என்ன கேள்விப்பட்டாரோ, அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். ஆராய்ச்சியின் முடிவுரையில் டிரைவருக்கு நன்றி என்று ஒரு வரி இருக்கிறதாம். நான் படிக்கவில்லை, என் வீட்டம்மா படித்துச் சொன்னாள்.

டாக்டரிடமிருந்து திரும்பிய அன்று மதியம், எங்கள் அலுவலகத்தில் சாலைப் பிரிவு மேசையில் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. ஆளில்லை, நான் எடுத்தேன். கீழத்தெரு ஆள் ஒருவர்.

"எங்க தெருப் பக்கம் பனி வண்டி எட்டிக்கூடப் பாக்கலை. பாலத்துத் தெருவை மட்டும் நேத்து சாயங்காலம் பூரா தள்ளிக்கிட்டே இருந்தான். அங்க அப்படி என்னங்க அவசரம்?"

"ஒரு பொண்ணு தூங்கிக்கிட்டிருந்தாங்க" என்றேன்.

அவர் வீட்டிலும் கைக்குழந்தை இருந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, "சரிங்க" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார்.