கண் பரிசோதனை அறையில் ஒரு குழுத் தேர்வு

கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிற அக்காவுக்கு வயது நாற்பத்தொன்று. வேலையையும் விடாமல் ஆன்லைனில் மூன்று வருடம் படித்து, எல்லாப் பாடத்தையும் தாண்டியாயிற்று. மிச்சம் ஒரே ஒரு குழுத் தேர்வு. 'சரக்கு ஏன் தாமதமாகிறது' என்று மூன்று பேர் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேச வேண்டும். ஒருவர் வாய் திறக்காவிட்டாலும் மூவருக்கும் பூஜ்யம், இன்னொரு வருடம். இது என்ன நியாயம் என்கிறீர்களா? அக்காவும்தான் கேட்டாள், யார் பதில் சொன்னார்கள்!

குழுவில் ஒரு நர்ஸ் பெண், கெட்டிக்காரி. இன்னொருவன் லாரி டிரைவர். இரண்டு மாதமாக வாரம் மூன்று கூட்டம் போட்டும் அவன் குரலை யாரும் கேட்டதில்லை. கேமராவை அணைத்துவிட்டு, 'சரிங்க' என்று மட்டும் தட்டிவிடுவான். அவன் பங்கையும் அக்காவே எழுதி, அக்காவே வாசித்தும் காட்டினாள்.

"வாய்க்குப் பூட்டா போட்டிருக்கான்? இவனால என் படிப்பே நாசமாப் போகப்போகுது," என்று வீட்டில் புலம்பினாள்.

"நீ பேசுற பேச்சுக்கு மூணு பேருக்கும் மார்க் போட்டுருவாங்க, விடு," என்றான் கணவன். அவனுக்கு என்ன, சிரிப்பாகத்தான் இருக்கும்.

தேர்வன்று முதலாளி பெரிய மனது பண்ணிக் கண் பரிசோதனை அறையை ஒரு மணி நேரம் விட்டுக்கொடுத்தார். முதலில் அக்காதான். கையை ஆட்டி ஆட்டிப் பொரிந்து தள்ளினாள்.

"அம்மா, உங்க குரலே வரல. மைக்கைத் திறங்க," என்றார் ஆசிரியை.

அக்கா பதற்றத்தில் எதை எதையோ அழுத்தினாள். திரை அப்படியே உறைந்துவிட்டது, சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. போச்சு, எல்லாம் போச்சு!

அப்போது ஒரு கரகரத்த குரல். "மேடம், அக்கா சரிபண்ணட்டும். அதுக்குள்ள என் பங்கை நான் சொல்லிடறேன்."

அக்கா எழுதிக் கொடுத்ததை அவன் தொடவே இல்லை. எடை மேடையில் ஆறு மணி நேரம் காத்துக் கிடந்தது, ஒரு கையெழுத்துக்காகத் தக்காளி அழுகியது என்று தான் பட்டதையெல்லாம் சொன்னான். ஆசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவன் முடிப்பதற்குள் அக்கா லேப்டாப்பை அணைத்துப் போட்டு மறுபடி உள்ளே வந்துவிட்டாள். பிறகு அவளும் பேசினாள், நர்ஸும் பேசினாள். மூவரும் பாஸ்!

அக்கா கண் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் தொப்பென்று சாய்ந்து, அப்பாடா என்று ஒரு பாட்டம் அழுதாள். மூன்று வருடப் பாரம் அது. முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் வேலையாக டிரைவருக்குப் போன் போட்டாள்.

"ஏன் தம்பி, இவ்வளவு விஷயத்தை வெச்சுக்கிட்டு ரெண்டு மாசமா ஒரு வார்த்தை பேசலையே?"

அவன் மெல்லச் சொன்னான்.

"இன்னைக்குத்தானேக்கா உங்க மைக் மூடியிருந்துச்சு."