கலங்களில் வாங்கிகள் குறையும்

தேங்காய் எண்ணெய் குடித்தே கொலஸ்ட்ரோலை இறக்கிவிட்டார் மாம்புரி நளீம் முதலாளி என்று முந்தல் ஊர் வரைக்கும் கதை. மருந்துக் குளிசை ஒன்றுகூட இல்லையாம். சுபஹு தொழுதுவிட்டு வெறும் வயிற்றில் ஒரு கரண்டி எண்ணெய், அவ்வளவுதானாம். சரிபார்க்கப் போகிறவர் முன்வாசலால் நுழைந்தால் நளீமையும் எண்ணெய்ப் போத்தலையும் காணலாம். குசினிப் பக்கத்தால் நுழைந்தால் அவர் மனைவி ஸக்கியாவைக் காணலாம். கதை வேகிற இடம் அதுதான்.

முன்வாசல் முதலில். நளீம் கரையில் படகுகளிடம் மீன் வாங்கிக் கொழும்புக்கு ஏற்றுகிறவர். கரண்டியை வாயில் கவிழ்த்து, மீசையைத் துடைத்து, வந்தவருக்கும் ஒரு கரண்டி நீட்டுவார். போன வருடம் கிளினிக் சுவரில் ஓர் அறிவித்தலை எழுத்துக் கூட்டி வாசித்தார்: "தேங்காய் எண்ணெயிலுள்ள நிரம்பிய கொழுப்பு கூடினால் கல்லீரல் கலங்களில் வாங்கிகள் குறையும், இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் தேங்கும்." மீன்பிடி அலுவலகக் கடிதங்களில் படகுக்குக் கலம் என்றுதான் பெயர். கலத்தில் வாங்குகிறவர் நளீம். இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்?

"கலம் எண்டா போட்டு. வாங்கி எண்டா நாங்க. தேங்காயையும் ஒழிச்சு எங்களையும் ஒழிக்கப் பாக்குறானுகள், வெளங்குதா?" என்று கரையில் நின்று முழங்கினார்.

"அப்ப கல்லீரல் எங்க போச்சு முதலாளி?" என்றான் படகுக்காரன் ஸப்ராஸ்.

"அது மீன்ட குடலோட கழிச்சுப் போடுறதுடா, மடையா!"

அன்றே தன் குளிசைகளைக் கடலில் எறிந்தார். கிளினிக் பக்கம் போவதையும் விட்டார். எண்ணெய் அன்றைக்குத் தொடங்கியது.

ஸக்கியாவும் அன்று அதே கிளினிக் வரிசையில் நின்றவர்தான். அவருக்கும் அதே கொலஸ்ட்ரோல் வருத்தம், அதே குளிசை. புருசன் வெளியே ஏசிக்கொண்டிருக்க, அவர் உள்ளே தாதி மிஸ்ஸியிடம் அர்த்தம் கேட்டுவிட்டார். கலம் என்றால் உடம்பைக் கட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிறு அறை. ஈரலின் கலங்களில் கைகள் மாதிரிச் சில உண்டு; இரத்தத்தில் போகிற கொலஸ்ட்ரோலை அவை பிடித்து உள்ளே இழுக்கும். அவைதாம் வாங்கிகள். எண்ணெய் கூடினால் அந்தக் கைகள் குறையும், குளிசை போட்டால் கூடும். வாங்க ஆளில்லாத நாளில் கரையில் குவிந்து நாறும் மீனை ஸக்கியா நினைத்துக்கொண்டார். வீட்டில் சொல்லிப் பார்த்தார். "மிஸ்ஸிக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்?" என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு ஸக்கியா சொல்வதை விட்டுச் சமைக்கத் தொடங்கினார். இராச் சாப்பாட்டில் நளீமின் பருப்புக் கறி மட்டும் தனிக் கோப்பையில் வரும். கரண்டியின் முதுகால் குளிசையை மாவாக்கி, அதில் கலந்து, மேலே தேசிக்காய் பிழிந்துவிடுவார். அது ஸக்கியாவின் குளிசை. கிளினிக்கில் ஓர் ஆளுக்குத் தருவது ஓர் ஆளுக்குத்தான் காணும்.

ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டால் சிரிக்கிறார். "சொன்னா மனுசன் சோத்தையும் எறிவார். பொறகு எதுக்குள்ள போடுறது?"

ஊருக்குக் காட்டவென்று நளீம் டவுன் லாப்பில் இருவருக்கும் இரத்தம் சோதிப்பித்தார்; அவருடைய கொலஸ்ட்ரோல் கணக்கு இறங்கியிருந்தது, ஸக்கியாவின் கணக்கு ஏறியிருந்தது. இரண்டு ரிப்போட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் நளீம் காட்டினார்.

"இது எண்ணெய் குடிச்ச ஆள். இது குளிசை திண்ட ஆள். பாத்தியளா? சொன்னாக் கேட்டாத்தானே!"

"ஓம், ஷிம்லாட வாப்பா" என்பார் ஸக்கியா. மகள் பெயரைச் சொல்லித்தான் புருசனை அழைப்பது. கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்தால் இப்போது மூச்சு வாங்குகிறது. கேட்பவர்களிடம் "வயித்துல கேஸ்" என்கிறார்.

போன மாதம் கிளினிக்கில் மருந்து வரவில்லை. ஸக்கியா பக்கத்து வீட்டு மரியம் ராத்தாவிடம் ஒரு கார்ட் குளிசை கைமாற்றாக வாங்கினார். மரியம் ஒருமுறை மாரடைப்பில் விழுந்து எழும்பியவர், அவருக்கும் அதே குளிசைதான். தனக்குத்தான் என்று அவரிடம் சொல்லியிருந்தார் ஸக்கியா. இந்த வாரம் மருந்து வந்ததும் முதல் வேலையாக வேலிக்கு மேலால் ஒரு கார்டை நீட்டினார்.

"வேணாம் புள்ள, நீயே வெச்சிக்க" என்றார் மரியம். "நான் குளிசைய விட்டுட்டன். உன்ட மனுசனப் பாரு, குமரன் மாதிரித் திரியிறார்! நானும் இப்ப எண்ணெய்தான்."

"ராத்தா, அப்பிடிச் செய்யாதீங்க. இது உங்கட கடன்."

"கடனா? ஹலாலாக்கிட்டன், திருப்பித் தரத் தேவல்ல, போ."

"எனக்கு அது ஹலாலாகாது ராத்தா. ஏனெண்டா..."

முன்வாசலில் நளீம் யாருக்கோ எண்ணெயின் மகிமையைச் சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஸக்கியா வாயை மூடிக்கொண்டார். மரியம் உள்ளே போய்விட்டார். கார்டைப் பிடித்த கை மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நீண்டபடியே நின்றது.