காட்டுப்பள்ளி நரிகள்

நம்புகிறவர்கள் நம்பட்டும். ராயபுரம் சபீஹாவைக் கேட்டால், இது நடந்தது என்று இன்றும் அல்லா மேல் ஆணையாகச் சொல்வாள்.

போன தை மாதம். நல்ல மூடுபனி. நரி பார்க்கலாம் என்று அவளையும் கணவன் தவ்ஃபீக்கையும் ஜீப்பில் காட்டுப்பள்ளிக்குக் கூட்டிப்போனார் ஆறுமுகநயினார். சுற்றிக்காட்டுவதுதான் அவர் தொழில். தவ்ஃபீக் கேமராவோடு முன்னால் ஏறிக்கொண்டான். பின்சீட்டில் சபீஹா மட்டும். பக்கத்து இடம் காலி.

"நம்மளப் பாத்தா நரி ஓடிப்பூடும். சத்தம் போடாதம்மா," என்றார் நயினார்.

காலை ஆறேகால். சவுக்குத் தோப்பை ஒட்டி ஜீப் நின்றது. முதலில் ஒரு நரி வந்தது. பிறகு இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை... ஒன்றுகூட ஓடவில்லை. வாலைத் தாழ்த்திக்கொண்டு நேராக ஜீப்பை நோக்கி வந்தன.

"இன்னா நைனா, கிட்ட வந்துகினே கீது?" தவ்ஃபீக் கேமராவை இறக்கினான்.

நயினார் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். சாவியைத் தொட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

நரிகள் பின்பக்கம் சூழ்ந்துகொண்டன. திறந்த ஜீப். கதவு கிடையாது. ஒரு பாய்ச்சல் போதும். சபீஹா கால்களைச் சீட்டின் மேல் இழுத்துக்கொண்டாள். ஆனால் ஒரு நரியும் அவளைப் பார்க்கவில்லை. அத்தனை கண்களும் அவளுக்குப் பக்கத்து இடத்தின் மேல் இருந்தன.

கிழட்டு நரி ஒன்று முன்னங்கால்களைப் படியில் வைத்தது. தலையை நீட்டியது. கண்ணை மூடிக்கொண்டது.

அதன் முடி அமுங்கியது. மெதுவாக... நெற்றியிலிருந்து பிடரிவரை. ஒரு கை தடவுவது போல.

காற்றே இல்லை.

சீட்டு குழிந்திருந்தது.

"ஏங்க..."

ஜீப் லேசாக ஆடியது. யாரோ இறங்கினாற்போல.

நரிகள் திரும்பின. ஒருவர் பின்னால் போவது போல, ஒன்றன்பின் ஒன்றாக அலையாத்திப் புதருக்குள் மறைந்தன.

மீஞ்சூர் ரோடு வந்ததும் நயினார் வண்டியை ஓரங்கட்டினார்.

"கண்ணாடில பாத்தேம்மா. அஜின். என் பார்ட்னரு. அவன்தான் நரிக்கெல்லாம் பேரு வெச்சுக் கூப்புடுவான். மூணு நாளா போனு எடுக்கல. சொந்த ஊரு நாகர்கோயிலுக்குப் பூட்டான்னு நெனச்சுகினு இருந்தேன்..."

மறுநாள் நயினார் இடம் காட்ட, போலீஸ் அந்தப் புதருக்குள் தேடியது. அஜின் சேற்றில் கிடந்தான். செத்து நான்கு நாள் ஆகிவிட்டதாம். பாம்புக்கடி என்றார்கள்.

உடலைச் சுற்றி நரிக் காலடிகள். வட்டம் வட்டமாக.

அவன் மேல் ஒரு பல்கூடப் படவில்லை.