வேப்பிலை எடுத்த வாசல்

நான் ஏழாவது படித்த வருஷம் அது. அதற்குமேல் படிக்கவில்லை. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்த சமயம் தங்கச்சிக்கு அம்மை போட்டுவிட்டது. அம்மா வாசலில் வேப்பிலைக் கொத்தைச் சொருகினார். அதைப் பார்த்தால் வெளியாட்கள் உள்ளே வரமாட்டார்கள்.

மறுநாள் நர்சம்மா வந்தார். தெருவில் நின்றே பேசினார்.

"பாப்பாவைக் கூட்டத்துக்குக் கூட்டிட்டு வராதீங்கண்ணே. கோயில் ஆளுங்ககிட்ட பேசிட்டேன். இந்த வருஷம் வேப்பிலை இருக்கற வாசல்ல மட்டும்தான் சாமி நிக்கும். மத்த சனம் திடல்ல கும்பிட்டுக்கும். பாப்பா உள்ளேர்ந்தே பாக்கட்டும்."

அதுவரை அம்மை கண்ட வீட்டுக்குத் திருவிழாவே கிடையாது. தங்கச்சி பாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"சரிங்கம்மா" என்றார் அப்பா.

எதிர்வீட்டுச் சித்தப்பா சிரித்தார். அவர் வீட்டிலும் பையனுக்கு அம்மை.

"ஆத்தா ஏற்கெனவே உள்ளதான் உக்காந்திருக்கா. வெளியேயும் வந்து நின்னா யாரு யாரைக் கும்பிடறது?"

அப்பா சிரிக்கவில்லை. நர்சம்மா போன பிறகு சொன்னார்.

"எதுக்கு இவ்வளவு கரிசனம்? வீட்டை அடையாளம் பாத்துட்டுப் போறா."

கொரோனா சமயத்திலும் இப்படித்தான் ஆட்கள் வந்து நல்லபடியாகப் பேசிவிட்டுப் போனார்கள். சாயங்காலமே வாசலை மறித்துத் தகரம் அடித்தார்கள். அறுத்துப் போட்ட நெல் களத்தில் மழையில் நனைந்து முளைத்தது. அப்பா தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினார். அள்ளிப் போட யாரும் வரவில்லை.

புறப்பாட்டு நாள் காலையில் அப்பா வேப்பிலையை எடுத்துவிட்டார்.

"ஆத்தா இருக்கற வீட்டுல செய்யற காரியமா இது?" என்றார் அம்மா.

"நீ சும்மா இரு."

மத்தியானம் நர்சம்மா சைக்கிளை நிறுத்தி வாசலைப் பார்த்தார். பாப்பா எங்கே என்றார்.

"அது மாமா வீட்டுக்குப் போயிருக்குங்க" என்றார் அப்பா.

சாயங்காலம் மேளம் கேட்டது. தங்கச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சாமி எதிர்வீட்டு வாசலில் நின்றது. கூட்டம் தள்ளி நின்றது. பூசாரி திருநீற்றை வாழை இலையில் வைத்துவிட்டு நகர்ந்தார். சித்தப்பா மகன் நிலைப்படிக்கு உள்ளே நின்று கும்பிட்டான். யாரும் அந்த வாசலில் தகரம் அடிக்கவில்லை.

பிறகு சாமியைத் தூக்கினார்கள். எங்கள் வாசலில் நிற்கவில்லை.

"அப்பா, நிப்பாட்டச் சொல்லுப்பா."

அப்பா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாமி தெருமுனை திரும்பியது. தங்கச்சி கத்தி அழுதாள். மேளம் தள்ளிப் போய்விட்டதால் அழுகை தெருவுக்கே கேட்டது.

கூட்டத்தின் கடைசியில் வந்த நர்சம்மா எங்கள் வாசலில் நின்றார். கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"பாப்பா ஊர்லேர்ந்து வந்ததும் எளநி குடுங்கண்ணே. சொறிய விடாதீங்க. காய்ச்சல் வந்தா எந்நேரமானாலும் எனக்குச் சொல்லி விடுங்க."

அவ்வளவுதான். போய்விட்டார்.

அப்பா கெட்டிக்காரர், நர்சம்மா நன்றாக ஏமாந்துவிட்டார் என்று அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம்.