வெட்டிய ஏழு நிமிடம்

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் நீள நீளமான பாட்டுகள் வரும் புராக்ரெசிவ் ராக் ஆல்பம் போட்ட கூட்டம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். மாதா கோயிலில் கீபோர்டு வாசித்த நான், ஒரு கிட்டார்காரன், பேகம்பூரிலிருந்து வந்த டிரம்ஸ்காரன். பெரிய பாட்டு முப்பத்தேழு நிமிடம். கேசட்டின் ஒரு பக்கமோ முப்பதுதான் பிடிக்கும். டிரம்ஸ் மட்டும் தனியாக வரும் ஏழு நிமிடத்தை, அவனைக் கேட்காமலே வெட்டிவிட்டேன்.

"இம்புட்டு நேரம் வெறும் டிரம்ஸ எவன்டா கேப்பான்?" என்று அவனிடமே சொன்னேன். அம்புட்டுத் திமிர் எனக்கு. அவன் சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டான்.

பத்து வருடம் கழித்து, பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனி அதைச் சிடியாகப் போடக் கேட்டது. டிரம்ஸ்காரனின் சம்மதம் கேட்கப் பேகம்பூருக்குப் போனேன். வாசலில் நிற்க வைத்தே சொன்னான்: "என் ஏழு நிமிசத்தோட வா. இல்லாட்டி நான் வாசிச்ச எதுவும் அதுல இருக்கக் கூடாது."

ஒரிஜினல் டேப்பின் மேல் என்றோ கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியைப் பதிந்து தொலைத்திருந்தேன். அந்தக் காலத்தில் முழு டேப்பையும் வாங்கி, அந்த ஏழு நிமிடத்தை விட்டுவிட்டு எங்கள் கேசட்டுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்த கடைக்காரரைத் தேடிப் போனேன். இப்போது செல்போன் விற்றுக்கொண்டிருந்தார்.

"அந்தத் துண்டா? பழனி பஸ்காரங்களுக்குப் பாட்டு பதிஞ்சு குடுப்பேன்ல, கடைசில டேப்பு சும்மா ஓடுனா திட்டுவாய்ங்க. உங்க டிரம்ஸப் போட்டுத்தான் ரொப்புனேன்."

பஸ் ஸ்டாண்டில் பழனி பஸ் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். நான்காவது டிரைவர் சிரித்தார்.

"அந்தக் கொட்டுங்களா? இன்னும் ஓடிட்டுத்தானுங்க இருக்குது. அது வந்தா ஆயக்குடி வரப்போகுதுன்னு சனத்துக்குத் தெரியுமுங்க."

எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. மறுநாள் டிரம்ஸ்காரனிடம், "ஏழு நிமிசம் கெடச்சிருச்சு. ஆனா பஸ்ல வந்துதான் கேக்கணும்" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். ஒட்டன்சத்திரம் தாண்டியும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

சினிமாப் பாட்டுகள் முடிந்தன. அவன் டிரம்ஸ் கிளம்பியது. தூங்கியவர்கள் விழித்துப் பைகளை இறக்கினார்கள். ஒரு அம்மாள் குனிந்து செருப்பைத் தேடினார். சீட்டுக் கம்பியில் யாரோ தாளம் தட்டினார்கள், சரியாகவே.

"ஏலே, எல்லாரும் எந்திரிக்கிறாய்ங்கடா" என்றான்.

"எவன் கேப்பான்னு கேட்டேன்ல. மன்னிச்சுக்கடா."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஆயக்குடியில் பாதி பஸ் இறங்கியது. நாங்கள் அசையவில்லை. இன்னும் மூன்று நிமிடம் பாக்கி இருந்தது.