உயிரோடு கட்டிய கோடி

ஆம்பூரில் ஏற்றுமதிக்குக் காலணி தைக்கும் ஒரு தொழிற்சாலையில் அமிர்தவள்ளிக்கு மேட்சிங் மேஜையில் வேலை. வெட்டி வரும் தோல் துண்டுகளில் இடது காலுக்கு உள்ளதை எடுத்து, அதே நிறமும் அதே ரேகையும் உள்ள வலது கால் துண்டைத் தேடி ஜோடி சேர்க்க வேண்டும். மற்றவர்கள் கறுப்பு என்று சொல்லிவிட்டுப் போவதில் அவளுக்குப் பல கறுப்புகள் தெரியும். வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறிய பிறகும் அந்தக் கண் ஓயாது. யார் கழுத்தில் புதுச் சரடு, யார் டப்பாவில் முட்டை, சூப்பர்வைசர் யாரிடம் சிரித்துப் பேசினார் என்று ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துக்கொண்டே வருவாள்.

அதிகம் பார்த்தது மேகலாவைத்தான். மேகலா அவள் கொழுந்தன் வேலுவின் மனைவி. அதே தொழிற்சாலையில் தையல் லைனில் இருக்கிறாள். ஒடுகத்தூர்ப் பக்கத்தில் ஒரே வீட்டை நடுவே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டு இரண்டு குடும்பமும் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே நாளில் நட்ட முருங்கையில் மேகலாவுடையது முதலில் காய்த்ததை அமிர்தவள்ளி இன்னும் மன்னிக்கவில்லை.

மேகலாவுக்கு மார்பில் வந்து குணமான புற்றுநோய் இந்த வருடம் எலும்பில் திரும்பி வந்தது. மருந்து தருகிறோம், குணமாகும் என்று சொல்ல மாட்டோம் என்று வேலூரில் டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். அன்று அமிர்தவள்ளி உண்மையாகவே அழுதாள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கஞ்சியும் ரசமும் போயின. அழுகை ஓய்ந்ததும் அவளால் தாங்க முடியாத ஒன்று நடந்தது. மேகலா நன்றாக வாழ ஆரம்பித்துவிட்டாள்.

ஓவர்டைமை நிறுத்தினாள். மணி அடித்ததும் முதல் பஸ்ஸில் ஏறினாள். குழாயடிச் சண்டையில் பேச்சை முறித்துக்கொண்ட ஒருத்தியின் வீட்டுக்குத் தானே போய்க் காபி கேட்டுக் குடித்துவிட்டு வந்தாள். சாயங்காலம் வேலுவோடு வாசல் படியில் உட்கார்ந்து பேசினாள். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை. வேலூரில் படிக்கும் அமிர்தவள்ளியின் மகள் தமிழினி, சனிக்கிழமை வந்தால் முதலில் அந்தப் பக்கம்தான் போனாள்.

"சித்திகூட பேசினா நேரம் போறதே தெர்லம்மா."

"என்கூட பேசினா?"

"நீ எப்பவும் அடுத்தவங்க வீட்டப் பத்திதானே பேசற."

சாகப் போகிறவளைப் பார்த்துப் பொறாமைப்படலாமா என்று அமிர்தவள்ளி தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அது போகவில்லை.

ஒரு திங்கட்கிழமை மேகலா கிளிப்பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினாள்.

"இன்னாடி, யாருக்குக் கல்யாணம்?" என்று பின்சீட்டிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"கல்யாணம் இல்லக்கா. என் கோடி."

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து போர்த்தும் புடவைதான் கோடி. அதை யாரும் உயிரோடு கட்டிப் பார்த்ததில்லை.

மேகலா சாவகாசமாகச் சொன்னாள். "எப்படியும் எங்கண்ணன் ஒன்னு எடுத்துனு வருவான். அவசரத்துல கைக்குக் கெடைச்சத எடுப்பான். ஊதாதான் எடுப்பான், எனக்குத் தெரியும். நான் எழுந்து இது வேணாம்னு சொல்ல முடியுமா? அதான் இப்பவே வேலூருக்கு இழுத்துனு போய் நானே எடுத்துகினேன்."

"உங்கண்ணன் இன்னா சொன்னாரு?"

"கடையிலயே அழுதான். அப்புறம் பில்லப் பாத்துட்டு இன்னொரு தரம் அழுதான்."

பஸ் சிரித்தது. "வாயக் கழுவுடி" என்று சொன்ன அமிர்தவள்ளி, அந்தப் பச்சையின் சரிகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மேஜையில் எதிரே நிற்கும் ஜஹீதாவிடம் அன்று முழுக்க இதே பேச்சு. "இதுல இன்னாக்கா இருக்கு? எங்க அத்தா ஹஜ்ஜுக்குப் போனப்பவே கஃபன் துணி வாங்கினு வந்துட்டாரு" என்றாள் ஜஹீதா. "அவரப் பொதைக்கறப்ப சுத்தற துணி. பீரோல வச்சிருக்காரு. அப்பப்போ எடுத்து வெயில்ல போடுவாரு. அது காயற அன்னிக்கு மட்டும் எங்கம்மாவ ஒரு வார்த்தை திட்ட மாட்டாரு."

அமிர்தவள்ளி சிரிக்கவில்லை. இடதுக்கு இடதாக ஜோடி சேர்த்து அனுப்பியிருந்தாள். தையல் லைனிலிருந்து திருப்பி அனுப்பினார்கள்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். நவநீதன், ஜோலார்பேட்டையில் தண்டவாள வேலை. அவன் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு நடந்தபோது முதல் தண்ணீர் ஊற்ற வேண்டியவள் அத்தையான அமிர்தவள்ளி. ஷிப்மென்ட் போக வேண்டும் என்று அன்று காலை கம்பெனியில் விட மாட்டோம் என்றுவிட்டார்கள். அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, நல்ல நேரம் முடியப்போகிறது என்று நவநீதன் தன் மச்சினியை ஊற்றச் சொல்லியிருந்தான். ஈரத் தலையோடு நின்ற பெண்ணைப் பந்தல் வாசலிலிருந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பினாள். ஆறு வருடமாகப் பேச்சில்லை. அவன் வராவிட்டால் போகிறான் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

இப்போது யோசித்தாள். நான் செத்தால் வருவான். ஊருக்குப் பயந்தாவது வருவான். புடவையைப் போர்த்துவான், ஒருவேளை அழுவான். அதில் எதையும் நான் பார்க்கப் போவதில்லை. மேகலா மட்டும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

சாப்பாட்டு வேளையில் கேன்டீன் பின்னால் போய் நின்று போன் போட்டாள்.

"நான் அமிர்தம்."

"அக்கா?"

"நான் செத்தா கோடி போடுவியா, மாட்டியா?"

"இன்னாக்கா பேசற?"

"போடறதா இருந்தா இப்பவே கொணாந்து குடுத்துடு. பட்டுப் பொடவையா எடு."

மணி அடித்தது. போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நவநீதன் அவள் வாசலில் நின்றிருந்தான், மனைவி ஜோதியோடு. கையில் புடவை இல்லை. மாற்றிக்கொள்ளாத வேலைச் சட்டையோடு வந்திருந்தான். ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"எந்த ஆஸ்பத்திரிக்கா? எவ்ளோ நாளா? யாருமே சொல்லலியே எனக்கு."

அவன் என்ன நினைத்துக்கொண்டு வந்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேகலாவின் அண்ணன் கடைக்குள் அழுதான். தன் தம்பி நடுத்தெருவில், பஸ்ஸில் வந்த பெண்கள் எல்லோரும் பார்க்க அழுகிறான். மேகலா பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"உன்ன உட்டுட்டுத் தண்ணி ஊத்த வச்சேன்" என்றான் நவநீதன். "இன்னும் கொஞ்சம் இருந்து பாத்திருக்கலாம். தெனம் நெனைச்சிக்கறேன், போன் போடத்தான் தைரியம் வர்ல."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. "எனக்கு ஒன்னும் இல்லடா."

"பொய் சொல்லாதக்கா."

"நெஜமா ஒன்னும் இல்ல. மேகலாவுக்கு அவ அண்ணன் எடுத்துக் குடுத்தான். எனக்கும் வேணும்னு தோணிச்சி."

முதலில் சிரித்தது ஜோதிதான். "ஒரு பொடவைக்கா அண்ணி? ஜோலார்பேட்டைல ஏறினவரு ஆம்பூர் வரைக்கும் அழுதுனே வந்தாரு. பக்கத்து சீட்டுக்காரன் எழுந்து வேற எடம் போய்ட்டான்."

நவநீதன் சிரிக்கவில்லை. "பைத்தியமா உனக்கு? ரயில் ஓடற லைன்ல வேல செய்யறவன் நான். நான் முன்னாடி போய்ட்டா இன்னா பண்ணியிருப்ப?"

அவள் நினைத்துப் பார்த்த எல்லாச் சாவிலும் படுத்திருந்தது அவள். புடவையோடு நின்றது அவன். மாற்றி நினைத்ததே இல்லை. அவன் காதோரம் நரைத்திருந்தது, முன்பல் ஒன்றைக் காணோம். அந்தப் பல் எப்போது போனது என்று அவளுக்குத் தெரியாது.

"உள்ள வா" என்றாள். "தோசை ஊத்தறேன்."

அவள் கல்லைப் போடுவதற்குள் அவன் மேகலாவை விசாரிக்க அந்தப் பக்கம் போய்விட்டான். போனவன் வரவில்லை. சிரிப்புச் சத்தம் வந்தது. அமிர்தவள்ளி கரண்டியோடு சுவரருகே போனாள்.

"நவநீதா, நீ யாரப் பாக்க வந்த?" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"இருக்கட்டும்கா, இப்பதான உக்காந்தாரு" என்றது மேகலாவின் குரல்.

"உனக்குத்தான் உங்கண்ணன் இருக்கான் இல்ல? என் தம்பிய அனுப்பு."

அவன் வந்து உட்கார்ந்தான். அவள் அடுப்பை ஜோதியிடம் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, பெண் என்ன படிக்கிறாள், பல் எப்படிப் போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஜோதி சொன்னாள்.

"போனா போவட்டும்" என்றாள் அமிர்தவள்ளி. "படுத்துட்டுக் காலைல போங்க. நானும் நாளைக்கு வேலைக்குப் போகல."