வாசல் கேட்டில் ஒரு பூஜை மணி

ஈப்போவில் நாய்க்கு மெத்தை விற்கிறார்கள். அதுவும் உறையைக் கழற்றித் துவைத்து மறுபடி மாட்டிக்கொள்கிற மெத்தை. என் கல்யாணச் சீரில் வந்த மெத்தைக்கே அந்த வசதி கிடையாது. என் கணவரும் மகள் கவிதாவும் அதைத் தூக்கிக்கொண்டு காரிலிருந்து இறங்கியபோது நடுவில் ஏதோ நெளிந்தது. பார்த்தால் நாய்க்குட்டி. வழியிலேயே கோப்பி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். இங்கே காப்பியை அப்படித்தான் சொல்வார்கள். குட்டியின் நிறமும் அதுதான். கேட்டால் வேண்டாம் என்பேன் என்று தெரிந்தே கேட்காமல் வாங்கி வந்திருந்தார்கள்.

எங்கள் தேவகோட்டையில் நாய் தெருவுக்குச் சொந்தம். பின்கட்டுக்கு வெளியே மீந்த சோற்றை வைப்போம், தின்னும், போய்விடும். நிலைப்படி தாண்டி வர அதற்கும் தோன்றாது, கூப்பிட எங்களுக்கும் தோன்றாது. என் கணவர் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "எஸ்டேட்ல நாய் இல்லாத வீடே கிடையாது மீனா. எங்கப்பா பால்மரம் வெட்டப் போனா முன்னுக்கு நாய்தான் போகும். பாம்பு இருந்தா அதுதான் சொல்லும்," என்றார். வரிசை வீடுகளுக்கு நடுவே எந்தப் பாம்பு வரப்போகிறது என்று கேட்டேன். அவரோ குட்டியின் வயிற்றைச் சொறிந்து கொடுப்பதில் மும்முரமாக இருந்தார்.

என் கவலை பாம்பு அல்ல, பக்கத்து வீட்டு காக் நோர். காக் என்றால் மலாயில் அக்கா. கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் அவர் மதில் ஓரம் நின்று என்னைப் பார்த்து, "சுடா மாக்கான்?" என்றார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். இந்த ஊரில் அது வெறும் குசல விசாரிப்பு என்பது எனக்குத் தெரியாது. விருந்துக்கு அழைக்கிறார் என்று நினைத்துப் புடவை மாற்றிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போய் மேசையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மகராசி முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் சோறும் குழம்பும் பரிமாறினார். இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அன்றிலிருந்து சாயங்காலம் என் ஹாலில் அவருக்கு ஒரு நாற்காலி. அவர் கொண்டுவரும் டப்பாவில் குவே, அதாவது அவர்கள் ஊர்ப் பலகாரம், இருக்கும். திரும்பிப் போகும் டப்பாவில் என் தேன்குழல் இருக்கும்.

நாயின் ஈர மூக்கு மேலே பட்டால் மண் கரைத்த தண்ணீரால் கழுவிச் சுத்தம் செய்வது மலாய் முஸ்லிம்களான அவர்கள் வழக்கம். அப்படியிருக்க, நாய் திரியும் ஹாலில் காக் நோர் எப்படி வந்து உட்காருவார்? இந்த தேசம் எனக்குக் கொடுத்த ஒரே சிநேகிதியை ஒரு காப்பி நிறக் குட்டி பறித்துவிடுமோ என்று பயந்தேன்.

ஆகவே சட்டம் போட்டேன். ஹால் கூடாது. சோபா கூடவே கூடாது. சமையலறையை ஒட்டிய அறையில் இருக்கும் சாமி மேடைப் பக்கம் எட்டியும் பார்க்கக் கூடாது. வீட்டின் பின்பக்கத்தில் மெத்தை, ஹாலுக்குப் போகும் வழியில் ஒரு பலகைத் தடுப்பு. கோப்பி பலகையை முகர்ந்து பார்த்தான். மறுநாள் அதைத் தாண்டி வந்து என் செருப்பின் வாரைத் தின்றான். "அவன் பேபி மா, மெல்ல படிச்சுக்குவான் லா," என்று கவிதா வக்காலத்து வாங்கினாள்.

நான் பயந்தபடியே காக் நோர் உள்ளே வருவதை நிறுத்தினார். டப்பாவை மதிலுக்கு மேலாக நீட்டிவிட்டுப் போய்விடுவார். நாற்காலி காலியாகக் கிடந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல், "மாரா கா?" என்று கேட்டேன். கோபமா என்று அர்த்தம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் சொன்னது இதுதான்: "கோபமெல்லாம் இல்லை மீனா. அதுவும் ஆண்டவன் படைத்த உயிர்தானே. நான் கேட்டைத் திறக்கும்போது அது எங்கே நிற்கிறதென்று தெரியவில்லை. நான் வருவது உனக்கு முன்னாலேயே தெரிந்தால் பிடித்துக்கொள்ள மாட்டாயா?"

இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது எனக்கு. சீரில் எனக்கு இரண்டு பூஜை மணிகள் வந்திருந்தன. சும்மா கிடந்த ஒன்றை எடுத்துக் கேட்டில் கட்டினேன். அவர் ஆட்டுவது, கவிதா ஓடிக் குட்டியைப் பிடிப்பது, பிறகு நான் கேட்டைத் திறப்பது என்று ஏற்பாடு.

முதல்நாள் மணி அடித்தபோது கோப்பி எங்கே இருந்தான் என்கிறீர்கள்? ஹாலில், சோபா மேல், சட்டப் புத்தகத்தையே தலையணையாக வைத்தவன் மாதிரி. கவிதா பாய்வதற்குள் அவனே குதித்து இறங்கினான். எனக்கு உயிரே போய்விட்டது, வாசலுக்குத்தான் ஓடப்போகிறான் என்று. ஆனால் அவன் திரும்பி, பலகையைத் தாண்டி, சாமி மேடை அறையின் படியருகே போய் உட்கார்ந்துகொண்டான். விளக்கைப் பார்த்தபடி அப்படி ஒரு பக்தி! உள்ளே வந்த காக் நோர், "பாண்டாய் டியா!" என்றார், கெட்டிக்காரனாமே. நான்தான் திகைத்து நின்றேன்.

"மா, மாரா வேணாம்," என்று கவிதா இழுத்தாள். தினமும் நான் மணியடித்துத் தீபாராதனை காட்டும்போது, என் முதுகுக்குப் பின்னால் அந்தப் படியருகே அவனுக்குத் தேங்காய்ச் சில்லு கொடுத்து வந்திருக்கிறாள். அவனுக்கு மணி என்றால் தேங்காய். என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திட்டத்தான் வாயெடுத்தேன், காக் நோர் தன் நாற்காலியில் உட்கார்வதைப் பார்த்ததும் திட்டு மறந்துபோய், நானே போய்த் தேங்காயைக் கீறினேன். சாமி மேடைச் சட்டத்தை மட்டும் படிவரை வரலாம் என்று திருத்திக்கொண்டேன்.

அதன்பின் தினமும் அந்த மணி அடித்தது. அவன் உள்ளே ஓடுவான், நான் வாசலுக்கு ஓடுவேன்.

போன லீவுக்கு தேவகோட்டை போயிருந்தேன். அண்ணன் வீட்டில் சாயங்காலப் பூஜை. மணி அடித்தது, எல்லோரும் சாமியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். "யார ஆத்தா தேடுற?" என்று அண்ணி கேட்ட பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தேன். சாமிக்கு முதுகைக் காட்டி, தெருக்கதவைத் திறந்துவிட்டு, கூப்பிய கையோடு நின்றிருந்தேன்.